பழகிய கையும் படித்த அறிவும்

பத்தாம் வகுப்பு மாணவி, மாரியூர்

"தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. நல்ல பழக்கங்களைப் பற்றிப் பேசும்போது இம்மொழி நமக்கு இனிக்கிறது. ஆனால் பழக்கமே அறிவுக்கு வேலியாகிவிடும் நேரமும் உண்டு. கணினியைப் பொறுத்தவரை நம்மில் பலர் அந்த வேலிக்குள்தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து. கணினி கற்றுவிட்டோம் என்று மகிழ்கிறோம். உண்மையில் ஒரு நிறுவனம் எந்தப் பொத்தானை எந்த மூலையில் வைத்திருக்கிறது என்பதைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறோம். பொத்தான் இடம் மாறினால் நம் கல்வியும் தடம் மாறிப் போகிறது. இதனைக் குறித்து என் தோழியரோடும், நமக்குக் கற்பிக்கும் அருட்சகோதரியரோடும் ஆசிரியைகளோடும், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி நம்மைப் படிக்க வைக்கும் பெற்றோரோடும் சிறிது பேச விழைகிறேன்.

இயங்குதளம் என்பது யாது?

கணினி என்னும் பெட்டியைத் தட்டி எழுப்பி, விசைப்பலகையையும் திரையையும் அச்சுப்பொறியையும் ஒன்றோடொன்று பேச வைத்து, நாம் கேட்கும் வேலையைச் செய்து முடிக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். நமக்கு நன்கு அறிமுகமானது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். ஆப்பிள் நிறுவனத்துக்கு மேக் உண்டு. இவை இரண்டும் ஒரு நிறுவனத்தின் உடைமைகள். மூன்றாவதாக லினக்ஸ் என்று ஒன்று உண்டு. 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் இதன் மையப் பகுதியை எழுதி எல்லாருக்கும் திறந்து வைத்தார். அதற்கு முன்பே, 1983இல், ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் முயற்சியை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்து இன்று உபுண்டு, லினக்ஸ் மின்ட் எனப் பல பெயர்களில் உலவுகின்றன. இவற்றை யாரும் விலையின்றிப் பெறலாம்; பிறருக்குக் கொடுக்கலாம்; திருத்தவும் செய்யலாம்.

"நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று" என்று எவரும் அஞ்ச வேண்டா. நம் அம்மாவின் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இயங்குவதும் லினக்ஸின் மையப் பகுதியே. உலகின் மிக வேகமான 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம்பெறுபவை அனைத்தும் லினக்ஸில் இயங்குபவையே. சட்டைப்பையிலும் அதுதான், ஆராய்ச்சிக் கூடத்திலும் அதுதான். இடையில் நம் மேசைமேல் மட்டும் அது விருந்தாளியாக நிற்கிறது.

புதிய இயங்குதளத்துக்கு மாறுவது அடுத்தவர் வீட்டு அடுக்களையில் சமைக்கப் போவதைப் போன்றது. அரிசி அதே அரிசி, புளி அதே புளி, அடுப்பும் எரிகிறது. ஆனால் உப்பு ஜாடி எங்கே, கரண்டி எந்த ஆணியில் தொங்குகிறது என்று தெரியாமல் கை தடுமாறுகிறது. சமைக்கத் தெரிந்தவள் இரண்டு நாளில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள். ஜாடி இருக்கும் இடத்தை மட்டுமே தெரிந்து வைத்திருந்தவள் பாடு என்னவாகும்?

மாற்றம் நம்மைத் தேடி வருகிறது

"பழகியதை ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்கலாம். நாம் மாறாவிட்டாலும் அவர்கள் மாற்றுகிறார்கள் என்பதே விடை. விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பதிப்புக்குத் தந்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் நாள் நிறுத்தியது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் நாள் அதே முடிவு வந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டுப் பாதுகாப்பு அறிவிக்கப்பட்டது. ஆதரவு முடிந்த கணினி மறுநாளே நின்றுவிடாது, ஓடும். ஆனால் திருடர் நுழையும் ஓட்டை புதிதாக ஏற்பட்டால் அதை அடைக்க ஆள் வரமாட்டார்.

"விண்டோஸ் 11க்கு மாறிவிட்டால் போயிற்று" என்பீர்கள். அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய செயலியும் வேண்டும். ஆதலால் 2017க்கு முற்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டன. அவற்றின் திரை நன்றாயிருக்கிறது, விசைகள் நன்றாயிருக்கின்றன. வயது ஒன்றே அவற்றின் குற்றம்!

நகரத்து வசதியுள்ள வீடுகளில் இது ஒரு செய்தி. நம் ஊர்ப்பக்கத்தில் இது ஒரு செலவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அது முடியும் முன்பே பள்ளி திறந்து கட்டணமும் நோட்டுப் புத்தகமும் வந்து நிற்கும். மழை இறங்கினால் வாலிநோக்கத்து உப்பளங்களில் வேலை இல்லை. பதநீர்ப் பருவம் முடிந்தால் பனையேறிகள் வீட்டில் கை வற்றிப் போகும். இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு மடிக்கணினி என்பது நகையோடு ஒன்றாக எண்ணப்படும் பொருள். "இது பழசாகிவிட்டது, வேறு வாங்குங்கள்" என்று சொல்வது எளிது. வாங்குவதற்கு அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் கண்டவை

கல்லூரியில் படிக்கும் என் அக்காவிடம் இத்தகைய பழைய மடிக்கணினி ஒன்று உண்டு. அதில் அவளுடைய கல்லூரித் தோழி வந்து லினக்ஸ் மின்ட்டைப் பதித்துத் தந்தாள். "ஓடுற வண்டிய எதுக்குடி குடைஞ்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று அம்மா கேட்டார்கள். முதலில் அக்காவின் கோப்புகளையெல்லாம் வேறொரு வன்தட்டில் படியெடுத்து வைத்தார்கள். பிறகு ஒரு பென்டிரைவிலிருந்தே புதிய இயங்குதளத்தை ஓட்டிப் பார்த்தார்கள். இவ்வாறு ஓட்டிப் பார்க்கும்போது கணினியில் உள்ள எதுவும் மாறுவதில்லை. திரையும் ஒலியும் இணையமும் சரியாக வேலை செய்கின்றன என்று கண்ட பின்னரே பதித்தார்கள். இந்த வரிசையை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. படியெடுக்காமல் பதிப்பவர் உள்ளதையும் இழக்க நேரிடும்.

அடுத்த சில நாட்கள் வீட்டில் ஒரே புலம்பல். சி டிரைவ், டி டிரைவ் என்று இருந்தவை எங்கே? லினக்ஸில் அப்படிப் பிரிவுகள் கண்ணில் படுவதில்லை. எல்லாம் ஒரே மரத்தின் கிளைகளாக இருக்கும். நமக்குரியவை நம் பெயரிலுள்ள ஒரே அறையில் இருக்கும். புதிய மென்பொருள் வேண்டுமானால் கண்ட தளத்திலும் தேடிப் பதிவிறக்க வேண்டியதில்லை. அதற்கென உள்ள மென்பொருள் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லைக் கேட்கும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் கோப்பும் சிறிய எழுத்தில் தொடங்கும் கோப்பும் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு. வேர்டு இருந்த இடத்தில் லிப்ரே ஆபீஸ் ரைட்டர் இருந்தது. வேர்டில் செய்த அட்டவணைகள் அதில் திறந்தன. சிலவற்றில் கோடுகள் சற்றே நகர்ந்திருந்தன. கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய கட்டுரையைப் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இதில் நான் கண்ட புதுமை ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை கணினியை அதிகம் தொட்டதே இல்லை. அவளுக்கு எந்தத் தடுமாற்றமும் ஏற்படவில்லை! "இங்கே எழுதணும், இங்கே சேமிக்கணும், அவ்வளவுதானே?" என்று அரைமணி நேரத்தில் படம் வரையத் தொடங்கிவிட்டாள். பல ஆண்டுகள் பழகிய அக்காதான் தவித்தாள். அப்படியானால் புதிய கணினி கடினமானது என்று நாம் சொல்வது சரியா? கற்பது கடினமாக இல்லை. கற்றதை ஒருபுறம் ஒதுக்கி வைப்பதுதான் கடினமாக இருந்தது. ஏறக்குறைய மூன்று வாரத்தில் அக்காவின் கை தானாகவே ஓடத் தொடங்கியது. அவளுடைய இந்த ஆண்டுக் கல்லூரிக் கட்டுரைகள் அனைத்தும் அந்தப் பழைய பெட்டியில்தான் எழுதப்பட்டன. அம்மாவின் கம்மல் அம்மாவின் காதிலேயே இருக்கிறது.

தமிழ் எங்கே போயிற்று?

மாற்றத்தின்போது எங்களுக்கு மிகவும் அதிர்ச்சி அளித்தது வேறொன்று. அக்கா பள்ளியில் படித்தபோது எழுதிச் சேர்த்திருந்த தமிழ்க் கட்டுரைகளைத் திறந்தபோது திரையில் ஒரு தமிழெழுத்தும் இல்லை. எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்! "தமிழ்" என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பின்னர் ஓர் அரைப்புள்ளி. புதிய இயங்குதளம் தமிழை விழுங்கிவிட்டது என்றே முதலில் எண்ணினோம்.

உண்மை வேறு. அக்கட்டுரைகள் பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அம்முறையில் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்தே; அந்த எழுத்தின்மேல் தமிழ் வடிவம் ஒரு முகமூடியாகப் போர்த்தப்படுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்று விழுகிறது. எழுத்துரு இல்லையென்றால் விண்டோஸிலும் இதேதான் நடக்கும். இதற்கு மாற்றுத்தான் யூனிகோடு என்னும் ஒருங்குறி. 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதில் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் உலகமெங்கும் ஒரே எண்தான். தமிழக அரசும் 2010ஆம் ஆண்டு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதுபோலவே, 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. அதனை ஒருமுறை கற்றால் விண்டோஸிலும் லினக்ஸிலும் கைப்பேசியிலும் அதே விரல்கள் அதே வேலையைச் செய்யும்.

இங்கே ஒரு பாடம் உண்டு. ஒருங்குறியில் எழுதியவருடைய தமிழ் எந்த வீட்டுக்குப் போனாலும் தமிழாகவே இருந்தது. ஓர் எழுத்துருவை நம்பி எழுதியவருடைய தமிழ் வாசற்படி தாண்டியதும் மறைந்துவிட்டது. அக்காவின் பழைய கட்டுரைகளை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றுக் கருவி ஒன்றின் துணையால் மீட்டோம். ஆனால் நம் பகுதியில் எத்தனை அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் எத்தனை எழுத்துகள் இன்னும் முகமூடியோடு உறங்குகின்றனவோ!

பிறர் நடந்த வழி

இந்த வழியில் நாம்தான் முதலில் நடக்கிறோம் என்று எண்ணிவிட வேண்டா. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் திரு. உமாசங்கர், இ.ஆ.ப. அவர்கள் மேலாண்மை இயக்குநராக இருந்தபோதே தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. கணினியைத் திறக்கும்போது எது வேண்டும் என்று அதுவே கேட்கும்.

அந்த மடிக்கணினி பெற்ற எங்கள் தெரு அக்காமார் சிலரிடம், "இரண்டாவதை எப்போதாவது திறந்தீர்களா?" என்று கேட்டேன். "அது எதற்கு என்றே யாரும் சொல்லவில்லையே" என்றார் ஒருவர். "தவறி அழுத்திவிட்டால் பயந்து அணைத்துவிடுவேன்" என்றார் இன்னொருவர். பெட்டிக்குள் இருந்தது, பாடத்துக்குள் இல்லை. கொடுத்தது வீணானது யார் குற்றம் என்று நான் வழக்காட வரவில்லை. கொடுப்பதோடு கற்பிப்பதும் சேர்ந்தால்தான் பயன் என்பதே நான் சொல்ல விரும்புவது.

அதற்குச் சான்று அண்டை மாநிலமாகிய கேரளம். அங்கே 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் படிப்படியாக உயர்நிலைப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். பாடநூலில் சேர்த்தார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் கணினிச் செய்முறையையே அதில் நடத்தினார்கள். இன்று கைட் என்னும் பெயரில் இயங்கும் அந்நிறுவனம், பள்ளிகளிலுள்ள 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தன் சொந்தப் பதிப்பைப் பதிப்பதால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று 2019இல் கணக்குச் சொன்னது. என் வயதுள்ள கேரள மாணவி ஒருத்திக்கு லினக்ஸ் அச்சமூட்டும் பெயரன்று. அது அவளுடைய தேர்வுப் பாடம்.

நம் தமிழகத்திலும் 2018இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவும், சொற்செயலிக்கு ஓபன் ஆபீஸ் ரைட்டரும் இடம்பெற்றன. பாடநூல் கதவைத் திறந்துவிட்டது. நாம்தான் உள்ளே செல்லத் தயங்குகிறோம்.

மறுப்போர் சொல்வதும் நியாயமே

"கடைகளிலும் அலுவலகங்களிலும் விண்டோஸ்தான் இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதுதானே வேண்டும்? இவள் எதையோ படித்துவிட்டுத் திண்டாட வேண்டுமா?" என்று பெற்றோர் கேட்கலாம். இது புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. கணக்கெழுதும் டாலி மென்பொருள் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. சில அச்சுப்பொறிகள் லினக்ஸோடு பேச மறுக்கும். பழுது ஏற்பட்டால் சாயல்குடியில் விண்டோஸ் தெரிந்தவரைக் கண்டுபிடிப்பதே எளிது. இவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆகவே விண்டோஸை விட்டொழியுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் கற்போம் என்கிறேன். ஒரே மொழி தெரிந்தவருக்கு இலக்கணம் எது என்றே தோன்றுவதில்லை. இரண்டாவது மொழியைக் கற்கும்போதுதான் தன் மொழியில் எழுவாய் எங்கே நிற்கிறது என்று திரும்பிப் பார்க்கிறார். கணினியும் அப்படியே. வீட்டில் லினக்ஸ் பழகிய பின் பள்ளிக் கணினியின் முன் அமரும்போது, "இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது படம்" என்று நான் தேடுவதில்லை, "இந்தக் கணினி கோப்புகளை எங்கே வைக்கும்? அச்சிடும் வேலையை எதனிடம் ஒப்படைக்கும்?" என்று தேடுகிறேன். இப்படித் தேடத் தெரிந்தவளுக்கு விண்டோஸ் 12 வந்தாலும் கவலையில்லை, முற்றிலும் வேறொன்று வந்தாலும் கவலையில்லை. நான் படித்து முடித்து வேலைக்குச் செல்லும் நாளில் எந்தத் திரை என் முன் இருக்கும் என்று இன்று யாரால் சொல்ல முடியும்? அன்று எனக்குத் துணை வரப்போவது பொத்தானின் இடமன்று.

நாம் செய்யக்கூடியவை

கருத்துச் சொல்வதோடு நில்லாமல் சில வேண்டுகோள்களையும் பணிவுடன் முன்வைக்கிறேன்.

அன்புக்குரிய அருட்சகோதரியரே, ஆசிரியைகளே! நம் கணினி அறையில் உள்ள பழைய கணினிகளுள் இரண்டு மூன்றிலாவது லினக்ஸைப் பதித்துத் தாருங்கள். செய்முறைத் தேர்வில் "எந்தப் பட்டியலைத் திறக்க வேண்டும்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "ஒரு கடிதம் எழுதி, சேமித்து, அச்சிட்டுக் காட்டு" என்று கேளுங்கள். எந்தக் கணினியில் செய்தாலும் மதிப்பெண் உண்டு என்று சொல்லுங்கள். தமிழ்த் தட்டச்சைத் தமிழ்99 முறையில், ஒருங்குறியில் கற்றுத் தாருங்கள். அடுத்த ஆண்டு மலருக்கான கட்டுரைகளையும் அவ்வாறே பெறுங்கள். பத்தாண்டு கழித்து வரும் மாணவியும் அவற்றைத் திறந்து படிக்கட்டும்.

மதிப்பிற்குரிய பெற்றோரே! வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன், புதியதற்காகக் கடன் வாங்குமுன், ஒரு பென்டிரைவில் லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். ஓடினால் இன்னும் சில ஆண்டுகள் உங்கள் பிள்ளை அதில் படிப்பாள். ஓடாவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை. அந்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் அவள் புலம்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் இனிய தோழியரே! தெரியாத திரையைக் கண்டதும் "எனக்கு வராது" என்று எழுந்துவிடாதீர்கள். பெண்பிள்ளைகளுக்குக் கருவிகளைப் பற்றி என்ன தெரியும் என்று ஏளனம் பேசுவோர் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கணினியை மாற்றித் தந்தவளும் நம்மைப் போன்ற ஒரு பெண்தான். 2012 முதல் வெளிவரும் "கணியம்" என்னும் இணைய இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே விளக்குகிறது. ஆங்கிலம் தடையென்று சொல்ல இனி இடமில்லை.

பழக்கம் நல்ல பணியாள்தான். அதனிடம் வீட்டுச் சாவியை முழுவதும் ஒப்படைத்துவிடக் கூடாது. பழகிய கை ஒரு கணினியை ஓட்டும். படித்த அறிவோ எந்தக் கணினியையும் ஓட்டும். அந்த அறிவைத் தேடவே நாம் பள்ளிக்கு வருகிறோம்.